சிஸ்டர் பொன்னம்மையின் தராசும் ஒரு டின் நெய்யும்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் திரு. தாணுமாலயன் அவர்களே! தலைமை அறுவை மருத்துவர் டாக்டர் நெல்லையப்பன் அவர்களே! கரமனைத் தெருக்களிலிருந்தும் ஆஸ்பத்திரி வார்டுகளிலிருந்தும் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! கடைசி வரிசைக்கும் பின்னால், நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் உச்சிமாகாளி அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் பிச்சுமணியின் வணக்கம்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஆஸ்பத்திரியின் நோய்க்கூறு ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன். அறுத்தெடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, டாக்டர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்குத் தயார் செய்து கொடுப்பவன். "ஐந்து நிமிஷம் பேசுங்கள், உருக்கமாகப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் சொன்னார். எனக்கு உருக்கம் வரவில்லை. சிஸ்டர் பொன்னம்மை அவர்கள் இறந்த பிறகு இந்தப் பதினாறு நாட்களாக எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்று இந்த மேடையைப் பார்த்த பிறகு அது இரட்டிப்பாகிவிட்டது.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினீர்கள். அன்பின் உருவம் என்றீர்கள். வெள்ளுடை தரித்த தாய் என்றீர்கள். ஒருவர் விளக்கு என்றார், அடுத்தவர் அதை அணையா விளக்கு என்றார். நல்லது! ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று ஒருவராவது சொன்னீர்களா? பத்து வருஷம் அந்த அம்மாள் எதற்காக நாயாய் அலைந்தார் என்று ஒரு வாய் திறந்ததா? திறக்காது. திறந்தால் அதற்குள்ளிருந்து உங்கள் பெயர்கள் விழும்.

இன்று இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றப் போகிறீர்கள். அழைப்பிதழிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். முதல் தீர்மானம், மார்புப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 'சிஸ்டர் பொன்னம்மை நினைவு ஊட்டத் திட்டத்தின்' கீழ் ஒரு டின் நெய். அதோ, படத்துக்குப் பின்னால் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறீர்கள். சாலைக் கம்போளச் சந்தையில் திரு. தாணுமாலயன் அவர்களுடைய கடை நெய். ஒவ்வொரு டின்னிலும் சிஸ்டரின் முகம்! இரண்டாவது தீர்மானம், அவர் பயன்படுத்திய நோட்டுப் புத்தகத்தையும் தராசையும் ஆஸ்பத்திரி முகப்பில் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலைமை மருத்துவரிடம் ஒப்படைப்பது.

பெரியோர்களே! இதைவிட அழகாக ஒரு மனுஷியை இரண்டாம் தடவை கொல்ல முடியுமா? நான் இந்த இரண்டு தீர்மானங்களையும் எதிர்க்கத்தான் இங்கே நிற்கிறேன். அந்த நோட்டும் தராசும் இந்த மேஜையில், இந்தத் துணிப்பைக்குள் இருக்கின்றன. படையல் என்று நினைத்து இதற்கு ஊதுபத்தி காட்டியவருக்கு என் நன்றி.

சிஸ்டர் பொன்னம்மை அவர்கள் எங்கள் ஆய்வகத்துக்கு முதன்முதலில் வந்தது எழுபத்திரண்டில். ஒரு கேஸ் ஷீட்டைக் கொடுக்க வந்தவர், நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மார்பிலிருந்து எடுத்த கட்டியைச் சுற்றியிருந்த கொழுப்பை அரிந்து அரிந்து வாளியில் எறிந்துகொண்டிருந்தேன். எல்லா ஆய்வகத்திலும் அப்படித்தான். கொழுப்பு மெழுகில் சரியாகப் பதியாது, கத்தியை இழுக்கும், தகடு கெட்டுப்போகும். அதனால் வழித்து எறிந்துவிட்டுக் கட்டியை மட்டும் வைத்துக்கொள்வோம்.

"சாரே, இதெ எதுக்கு அரிஞ்சு தூரப் போடுதிய?" என்று கேட்டார்.

"இது ஒண்ணுமில்ல சிஸ்டர். சாமானுக்கு நடுவுல வைக்கிற வைக்கோல் மாதிரி. நோய் இதுல இல்ல, கட்டியிலதான் இருக்கு" என்றேன். என்ன ஞானம்! இருபது ரூபாய் இன்கிரிமென்ட் வாங்கிய ஞானம்!

"அது சும்மா கெடக்குண்ணு நீங்களா முடிவு பண்ணியாச்சா? பாத்தேளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷச் சர்வீஸில் பாதியை அந்தக் கேள்வி கேட்கப்படாமலே ஓட்டியிருந்தேன். அந்த வாரமே வீம்புக்காகக் கொழுப்பும் கட்டியும் சேரும் விளிம்பை விட்டுவைத்துச் சீவினேன். பார்த்தேன். தூரத்தில் இருந்த கொழுப்புச் செல்கள் பெரிசு பெரிசாக, உப்பி இருந்தன. கட்டியை ஒட்டியவை சுருங்கிக் கிடந்தன. அவற்றின் நடுவே புற்றுச் செல்கள் வரிசை வரிசையாகப் புகுந்திருந்தன. எது எதைச் செய்தது என்று எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை. ஆனால் அங்கே ஏதோ கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்பது குருடனுக்கும் தெரியும். தெரியாதவர்கள் மேலே மாடியில் இருந்தார்கள்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார்? அறுவை வெளிநோயாளர் பிரிவில் அவர்தான் நர்ஸ். ஆபரேஷன் முடிந்து வீடு போன பெண்கள் ஆறு மாதத்துக்கொரு தடவை காட்ட வருவார்கள். தீட்டு நின்ற வயசுப் பெண்களில், முன்பே கனத்த உடம்புக்காரிகளுக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு மளமளவென்று சதை போட்டவர்களுக்கும் நோய் சீக்கிரம் திரும்புகிற மாதிரி அவர் கண்ணுக்குப் பட்டது. கண்ணை நம்பக்கூடாது, எழுதிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அதற்குக் கேஸ் ஷீட்டில் எடை வேண்டுமே! புரட்டினார். என்ன இருந்தது தெரியுமா? எடை என்ற இடத்தில் எண் இல்லை. 'வெல் நரிஷ்டு'! நல்ல தேகபுஷ்டி! எண்பது கிலோப் பெண்ணுக்கும் வெல் நரிஷ்டு. தொண்ணூறு கிலோவா, வெரி வெல் நரிஷ்டு. எடை பார்க்கும் மெஷின் எங்கே? சமையற்கட்டில். அரிசியும் மரச்சீனிக் கிழங்கும் நிறுக்க எடுத்துப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அரிசிக்கு எடை உண்டு, நோயாளிக்குக் கிடையாது!

சிஸ்டர் என்ன செய்தார்? பெண்களைக் கூட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார். மூட்டைகளுக்கு நடுவில் நிறுத்திப் பார்த்தார். அவரும் நல்ல பருமன், எண்பத்து நாலு கிலோ. இதைச் சொல்ல நான் கூசவில்லை, அவரே கூசவில்லை. எந்தப் பெண்ணாவது வெட்கப்பட்டு நின்றால், "மொதல்ல நான் ஏறுதேன். எனக்க வெயிட்டெ பாருங்கோ. பொறவு நீங்க ஏறினா போரும்" என்பார். ஏறுவார். தன் எடையை முதலில் எழுதுவார். பக்கத்துக்குப் பக்கம் அவர் எடை இருக்கிறது இந்த நோட்டில்! எந்தப் பெண்ணையும் "தின்னுத் தின்னு வரவழைச்சுக்கிட்டே" என்று அவர் சொன்னதில்லை. "மெலிஞ்சவளையும் இது விடாது சாரே. ஆனா எவள ரெண்டாவது தடவ பிடிக்குதுண்ணு நமக்குத் தெரியாண்டாமா?" என்றுதான் கேட்டார்.

டாக்டர் நெல்லையப்பன் அவர்கள் ஒருநாள் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, "சிஸ்டரே, இது ஆஸ்பத்திரியாக்கும், சாலைக் கம்போளமில்ல" என்றார். கூட நின்ற ஹவுஸ் சர்ஜன்கள் சிரித்தார்கள். மறுநாளே நர்ஸ்கள் சமையற்கட்டுக்குள் நுழையக்கூடாது என்று ஆர்டர் வந்தது. டாக்டர், தலையைக் குனிய வேண்டாம், படத்துக்குப் போட்ட மாலை அழகாக இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

சிஸ்டர் விட்டாரா? துபாயிலிருந்து லீவில் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்து, குளியலறையில் வைக்கும் சின்னத் தராசு ஒன்று வரவழைத்தார். இதோ, இதுதான். இதை இந்தப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். காட்ட வராமல் நின்றுபோன பெண்களைத் தேடி நெடுமங்காடு போனார், வித்துரா போனார், மலைக்கு மேல் தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில்! லீவு போட்டு! நாம் அந்த ஞாயிறுகளில் என்ன செய்தோம்? நான் மாட்டினி பார்த்தேன்.

எழுபத்தெட்டில் ஒரு தொகுப்பு எழுதிக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தார். கூடவே லைப்ரரியில் தேடிப் பிடித்த வெளிநாட்டுப் பத்திரிகைக் குறிப்பும். தீட்டு நின்ற பிறகும் உடம்புக் கொழுப்பு பெண்மைச் சுரப்பை உண்டாக்குகிறது, அந்தச் சுரப்பு சில மார்புப் புற்றுகளை வளர்க்கக் கூடும் என்று அதில் இருந்தது. கொழுப்பு சும்மா கிடக்கவில்லை என்று அவர் கேட்டது எழுபத்திரண்டில்! டாக்டர் என்ன சொன்னார்? நான் அப்போது அந்த அறையில் தகடுகளோடு நின்றேன், என் காதால் கேட்டேன். "கேன்ஸர்ல சாகுறவ எல்லாம் எளச்சு எலும்பாத்தான் சாகுறா. குண்டா ஆரு செத்தா? சதை போட்டா தேறிட்டாண்ணு அர்த்தம். நீ போயி பெட்ஷீட்டெ மாத்து."

சபையோரே, சிரிக்காதீர்கள்! அவர் மட்டும் சொன்னதா இது? நாம் எல்லோரும் சொல்வதுதானே? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைப் பார்த்து "கொஞ்சம் சதை போட்டிருக்கு, பரவாயில்லை" என்று சொல்லாத வாய் இந்தச் சபையில் எது? கடைசி மாதங்களில் நோய் உடம்பை உருக்குவதைப் பார்த்துவிட்டு, உருகாத உடம்பில் நோய் இல்லை என்று முடிவு கட்டினோம். டாக்டர் படித்துவிட்டு அதையே சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மைக்கைத் தட்ட வேண்டாம், தம்பி. வேலை செய்கிறது. எழுந்து போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், போகும்போது செருப்பு மாற்றிப் போட்டுக்கொள்ளாமல் போங்கள்.

இப்போது நோட்டைத் திறக்கிறேன். பத்து வருஷம், முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். பெயர், வயசு, ஆபரேஷன் நாள், எடை, மறுபடி வந்த நாள், எடை. இருநூற்று நாலு பேருக்கு எண் இருக்கிறது. நூற்றெட்டுப் பேருக்கு வெறும் கட்டம். நூற்றெட்டு! அர்ச்சனைக்குச் சரியான எண்ணிக்கை! வெறும் கட்டத்துக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார் சிஸ்டர். யார் தடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். கோபமே இல்லாத கையெழுத்து. கோபத்தை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

எழுபத்து மூன்று, பதினெட்டுப் பெண்கள். காரணம்: மெஷின் சமையற்கட்டில். எழுபத்து நாலு, இருபத்தாறு பெண்கள். காரணம்: டாக்டர் நெல்லையப்பன் வேண்டாம் என்றார். எழுபத்தைந்து, ஒன்பது பெண்கள். காரணம்: மாமியார் சம்மதிக்கவில்லை, கண் படுமாம். எழுபத்தொன்பது, முப்பத்தொரு பெண்கள். இந்தக் கரமனைப் பெண்கள்! காரணம்: சங்கத்தில் ஹால் தரவில்லை.

ஆம், இந்த ஹால்தான்! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் இந்த ஹாலைக் கேட்டார். தலைவர் அவர்கள் சொன்னது இங்கே அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. "பொம்பளையள நாலு பேரு பாக்க நிறுத்துப் பாக்குது மரியாதை இல்ல, கேட்டியளா." மரியாதை! பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை நம் சங்கத்தில்! தராசில் ஏற்ற மாட்டோம், சிதையில் ஏற்றுவோம். அன்றைக்குத் தராத ஹாலை இன்றைக்குத் தோரணம் கட்டித் தந்திருக்கிறீர்கள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் செத்துப்போவது மட்டும்தான்.

நெய்தான் அவர்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. சிஸ்டரும் சொல்லவில்லை. இருநூற்று நாலு எண்களைக் கொண்டு சத்தியம் செய்ய முடியாது, முந்நூற்றுப் பன்னிரண்டும் இருந்திருந்தால் ஒருவேளை ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவரே இங்கே எழுதியிருக்கிறார். தெரியாது என்று ஒத்துக்கொள்ள அவருக்குத் துணிச்சல் இருந்தது. தெரிந்துகொள்ள விடாமல் தடுக்க நமக்குத் துணிச்சல் இருந்தது!

அவருடைய கடைசி நாளைச் சொல்கிறேன். மலைமேல் லயத்தில் உச்சிமாகாளி அம்மா இருக்கிறார். எழுபத்தேழில் ஆபரேஷன். ஒரு வருஷமாகக் காட்ட வரவில்லை. சிஸ்டர் தராசைத் தூக்கிக்கொண்டு தேடிப் போனார். என்ன நடந்தது என்று அந்த அம்மா இன்று வாசலில் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "மூச்சு வாங்க ஏறி வந்தாவ. மொத அவுக ஏறுனாவ, பொறவு நான் ஏறுனேன். 'கூடல, கொறையல, நல்லாருக்க'ன்னு சொன்னாவ. கட்டஞ்சாயா குடிச்சாவ. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எறங்குனாவ." மலையடிவாரத்துக் கல்லாறு ஊரில் சாயாக்கடை பெஞ்சில் பஸ்ஸுக்காக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. பஸ்ஸில்தான் உடலைக் கொண்டுவந்தார்கள். பை மடியிலேயே இருந்தது. நோட்டில் கடைசி வரி: பொன்னம்மை எண்பத்து நாலு. உச்சிமாகாளி ஐம்பத்தெட்டு, ஐந்தாம் வருஷம், சுகம்.

அந்த உச்சிமாகாளிதான் மூன்று பஸ் மாறி இங்கே வந்திருக்கிறார். வாசலில் வரவேற்புக் குழு அவரிடம் "நெய் வாங்க வந்தவங்க பின்னாடி நில்லுங்க" என்றதாம். வாழ்க உங்கள் வரவேற்பு!

இன்னும் ஒரு வரி படிக்க வேண்டும். இதைப் படிக்காமல் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்தேன். எண்பதாம் வருஷம், பக்கம் அறுபத்து மூன்று. ஜெயலக்ஷ்மி, வயசு அறுபத்திரண்டு, கரமனை. என் அக்கா. என்னை வளர்த்தவள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். நான் தினமும் அவள் இலையில் நெய்யைக் குழி கட்டி ஊற்றினேன். பாதாம் ஊறவைத்து அரைத்துக் கொடுத்தேன். இந்தப் படத்துக்குப் பின்னால் அடுக்கியிருக்கிற இதே நெய். "பிச்சு, நன்னா சதை போட்டுடுத்துன்னு எல்லாரும் சொல்றா. தேறிட்டேன்னுதானேடா அர்த்தம்?" என்று கேட்டாள். ஆமாம் அக்கா என்றேன். சிஸ்டர் தராசோடு வாசலுக்கு வந்தபோது, "எங்காத்துப் பொம்மனாட்டிய இதுல ஏத்தாதீங்கோ சிஸ்டர். இப்பத்தான் தேறி வரா, கண் பட்டுடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். எட்டு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கொழுப்பின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னேன்! பதினாலு மாதத்தில் நோய் அவள் முதுகெலும்பில் வந்து நின்றது. நான் தடுத்திராவிட்டால் பிழைத்திருப்பாளா? தெரியாது. சாகும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை. இங்கே இருப்பது ஒரு வெறும் கட்டம். காரணம்: தம்பி சம்மதிக்கவில்லை.

டாக்டர் நெல்லையப்பன் என்று எழுதியிருக்கிறார், சங்கத் தலைவர் என்று எழுதியிருக்கிறார். என்னைப் பெயர் சொல்லி எழுதவில்லை. அக்கா முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். மறுநாளும் ஆய்வகத்துக்கு வந்து எப்போதும்போல "சாரே" என்றுதான் கூப்பிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் உங்கள்மேல் எனக்கு இத்தனை அருவருப்பு. என்மேல் இருப்பதைத்தான் உங்களுக்கும் பங்கு வைக்கிறேன்.

சிஸ்டர் பொன்னம்மை அவர்களே! உங்களுக்கு மாலை போட எனக்குத் தகுதியில்லை. உங்கள் நோட்டைத் தூக்க இரண்டு கை இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவை வெளிநோயாளர் வாசலில் இந்தத் தராசோடு உட்காருவேன். மார்ச்சில் எனக்கு ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகும் உட்காருவேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்னால் நான் ஏறுவேன். மீதியை ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போய் எழுதி வருவேன்.

அதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். தாணுமாலயன் அவர்களே, அந்த டின்களைக் கடைக்கே திருப்பி எடுத்துப் போங்கள். அந்த முகத்தை அதிலிருந்து கிழித்துவிட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் அவர்களே, கண்ணாடி அலமாரி வேண்டாம். ஒரு தாள் கொண்டுவந்திருக்கிறேன். அறுவைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணின் எடையும் கேஸ் ஷீட்டில் எண்ணாக எழுதப்பட வேண்டும், காட்ட வரும்போதெல்லாம் எழுதப்பட வேண்டும் என்று நாலு வரி டைப் அடித்திருக்கிறேன். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் குறை. பேனாவும் வைத்திருக்கிறேன்.

இதோ, உங்கள் முன்னால் வைக்கிறேன். சபை பார்த்துக்கொண்டிருக்கிறது, உச்சிமாகாளி அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கிறார். போட முடியாது என்றால் சங்கடப்பட வேண்டாம், டாக்டர். ஏன் முடியாது என்று மட்டும் வாயால் சொல்லுங்கள். நோட்டு திறந்துதான் இருக்கிறது, காரணத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, நான் எழுதிக்கொள்கிறேன்.